ஒரு லைன், இரண்டு வீடு

மோடம் போடும் சத்தத்தைப் பற்றி இப்போது சிலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். யாரோ அதைப் பதிவு செய்து கைபேசிக்கு அனுப்ப, கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். முதலில் டயல் டோன். பிறகு எண்களின் கீச்சொலி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பின் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஓர் இரைச்சல் எழுந்து, இரண்டு மூன்று விதமாக மாறி, திடீரென்று அடங்கும். அடங்கிவிட்டால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருள். எனக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வருவதில்லை. வீட்டிலிருந்தபடி செய்த நல்ல வேலை ஒன்றை அந்தச் சத்தத்தை நம்பி எடுத்துக்கொண்டேன், அதை நம்பியே இழந்தேன். அந்த மோடத்தில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

நான் எங்கள் ஊர்ப் பஞ்சாலையின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவன். ஷிஃப்டுகளைக் குறைத்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். எனக்கு அப்போது முப்பதைத் தாண்டி ஓரிரு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சைப் பாடமாக எடுத்துப் படித்திருந்தேன். அது எதற்காவது உதவும் என்று அதுவரை தோன்றியதில்லை. கடற்கரைக்குப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருவில், ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகளில், பிரான்ஸிலிருந்து வேலை வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகம் இருந்தது. அதை நடத்தியவர் எங்கள் ஊர் அம்மாள்தான். பிரான்ஸில் நெடுநாள் இருந்து திரும்பியவர். எல்லாரும் அவரை மதாம் என்றே அழைத்தோம்.

வேலை இதுதான். பிரான்ஸில் கடைகளுக்குப் போகிறவர்கள் கையால் நிரப்பிக் கொடுத்த சீட்டுகளைப் படமெடுத்து அனுப்புவார்கள். அவற்றிலுள்ள பெயரையும் முகவரியையும் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். சுலபம் என்று நினைத்து வந்தவர்கள் பலர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் எழுதும் ஒன்று என்ற எண் நம் கண்ணுக்கு ஏழாகத் தெரியும். அவர்கள் ஏழின் நடுவில் ஒரு கோடு போடுவார்கள். அது தெரியாதவன் ஒரு தெருவையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவான். எனக்கு அது தெரிந்திருந்தது. என் தாள்களில் திருத்தமே இருப்பதில்லை என்று மதாம் ஒருமுறை மற்றவர்கள் முன்னால் சொன்னார். ஆலையில் இருந்த காலத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

மாலையில் சைக்கிளில் போய்ப் படங்களடங்கிய சிடியை வாங்கி வருவேன். விடிந்ததிலிருந்து உட்கார்ந்து தட்டச்சு செய்வேன். முடித்த ஃபைலை நேராக பிரான்ஸில் உள்ள கணினிக்கு அனுப்ப வேண்டும். அங்கே பொழுது விடிந்து அலுவலகம் திறக்கும்போது நமக்கு நடுப்பகல். அதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த நாள் வேலை வேறு யாருக்கோ போய்விடும். அனுப்புவதற்கான புரோகிராமை அலுவலகத்துப் பெண் என் கணினியில் போட்டுக் கொடுத்திருந்தாள். அது வேறு கணினியில் ஓடாது என்பதால் பிரௌசிங் சென்டருக்கு ஓடியும் பயனில்லை. ஃபைல் சின்னதுதான். பத்து நிமிஷம் லைன் அறாமல் இருந்தால் போதும். அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு அப்பா கட்டியது. அவர் போன பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்து இரண்டு வாசல் வைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் அண்ணன், அண்ணி, அவர்கள் மகன். இன்னொரு பக்கம் நானும் என் மனைவியும். அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதே ஆலையில் தறி ஓட்டிவிட்டு, பிறகு உப்பளம் பகுதியில் ஒரு கிடங்குக்குக் காவலாளாகப் போனார். பாகம் பிரித்தபோது பீரோ, அண்டா, பின்பக்கக் குழாய் எல்லாவற்றையும் பேசிய பெரியவர்கள் போனை மறந்துவிட்டார்கள். இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. கருவி அண்ணன் கூடத்தில் இருந்தது. அப்புறம் ஒருநாள் லைன்மேனை அழைத்துச் சுவரில் ஓட்டை போட்டு, எங்கள் பக்கத்துக்கும் ஒரு ஒயர் இழுத்துக்கொண்டோம். இதைப் பேரலல் என்பார்கள். மணி அடித்தால் இரண்டு பக்கமும் அடிக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தனி இணைப்புக்கு நான் விண்ணப்பம் கொடுக்காமல் இல்லை. தெருப் பெட்டியில் ஒயர் ஜோடி காலி இல்லை, காத்திருங்கள் என்றார்கள்.

முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் போயின. அந்த ஆவணியில் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் சொல்தா குடும்பம். பெண்ணின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அதனால் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கள் ஊரில் அப்படி ஒரு பெண் அமைந்தால் மாப்பிள்ளையின் படிப்பை யாரும் கேட்பதில்லை. பையன் ஐப்பசியில் பாரீஸுக்குப் போய்ச் சேர்ந்தான். மாமனார் வீட்டில் தங்கினான். ஹோட்டலில் வேலை என்று அண்ணி தெருவெல்லாம் சொன்னார்.

அந்த ஐப்பசியில்தான் என் லைன் அறுந்து விழ ஆரம்பித்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஐப்பசி மழைக்காலம். மழையில் போன் கெடுவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அறுவது எப்போதும் ஒரே மாதிரிதான். இரைச்சல் அடங்கும், இணைப்பு கிடைக்கும், திரையில் அனுப்பும் பட்டை பாதிவரை நீளும், நின்றுவிடும். மறுபடி டயல் செய்தால் சில சமயம் டயல் டோனே இல்லை என்று சொல்லும். சற்று நேரத்தில் டோன் இருக்கும், இணைப்பும் கிடைக்கும், மறுபடி அறும்.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மோடத்திலிருந்து சுவருக்கு வரும் ஒயரைப் புதிதாக மாற்றினேன். சுவரிலிருந்த டப்பாவைத் திறந்தால் திருகாணிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடல் காற்றுக்கு எங்கள் பக்கம் செம்பு எதுவும் தப்பாது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதில் கண்டிப்பாக இருந்தேன், எது காரணம் என்று தெரிய வேண்டுமே. மாற்றியதை மாலையில் சோதிப்பேன், அருமையாக வேலை செய்யும். மறுநாள் நடுப்பகலில் அறுந்து விழும்.

சாரம் பகுதியில் கணினி பழுது பார்க்கும் ஒரு கடை. மோடம் கார்டைக் கழற்றி ஈரம் படாமல் பொட்டலம் கட்டி எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைத் தன் கணினியில் சொருகினார். முதல் முயற்சியிலேயே இணைப்பு கிடைத்து, நாங்கள் டீ குடித்து முடிக்கும் வரை அறுபடவே இல்லை.

"இங்க ஜோரா ஓடுது சார். உங்க வூட்லதான் இன்னாவோ இருக்கு" என்றார்.

"வீட்ல நானும் என் ஒய்ஃபும்தான் இருக்கோம்."

"அப்போ அவங்களதான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பிறகு, பார்த்துவிடலாம் என்று, வெளியே வைக்கிற மோடம் ஒன்றைக் கொடுத்தார். முன்பக்கம் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு எப்போது அணைகிறது என்று பார்த்தால் கோளாறு தெரியும் என்றார். மோடத்தோடு நேராகப் பேசுவதற்கு ஒரு வெள்ளைத் திரையைத் திறந்து, சில எழுத்துகளைத் தட்டவும் சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் அந்தத் திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இணைப்பு கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் இரண்டு அணைந்தன. திரையில் பெரிய எழுத்தில் 'நோ கேரியர்' என்று வந்தது. எதிர்முனையிலிருந்து வரும் அலை நின்றுவிட்டது என்று பொருள். என் மனைவி பின்னால் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் நான்கைந்து அலுவலகக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கேரியரில் அனுப்பிக்கொண்டிருந்த காலம்.

"நோ கேரியரா? அஞ்சு கேரியர் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியலயா?"

நானும் சிரித்தேன். அதன் பிறகு தினமும் நடுப்பகலில் அடுப்படியிலிருந்து, "இன்னா, இன்னிக்குக் கேரியர் வந்துச்சா?" என்று குரல் வரும். முதலில் அது வேடிக்கையாக இருந்தது. மதாம் அலுவலகத்தில் என் பெயருக்கு எதிரே தாமதக் குறி விழத் தொடங்கிய பிறகு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். கேட்காததைத் தாங்க முடியவில்லை.

பேரலல் ஒயர் என் நினைவுக்கு வராமல் இல்லை. யாராவது அந்தப் பக்கம் பேசினால் என் இணைப்பு அறும் என்று தெரியும். ஆரம்பத்திலேயே அண்ணியிடம் போய்க் கேட்டேன். வாசலில் கோலத்தை அழித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மத்தியானத்துல போன் பேசறீங்களா?"

"நான் யார்கிட்ட தம்பி பேசப் போறேன்? எனக்கு நம்பர் போடவே தெரியாது."

"அண்ணன்?"

"அவரு காலைல போனா ராத்திரிதான் வராரு."

அது உண்மை. அண்ணி பொய் சொல்லுகிறவர் இல்லை. நான் திரும்பி வந்து களிம்பைத் தேய்த்தேன்.

லைன்மேனும் வந்தார். கம்பத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து, ஏதோ முறுக்கிவிட்டு இறங்கினார். "மத்தியானத்துல எக்சேஞ்சுல லோடு ஜாஸ்தி சார்" என்றார். இன்னொரு முறை வந்தபோது, "கம்பத்துல தண்ணி எறங்குது சார்" என்றார். அப்போது மழை நின்று வெகு நாளாகியிருந்தது. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தார். குடிக்கும்போது சுவரிலிருந்த ஓட்டையையும் அதன் வழியே வரும் ஒயரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் அன்றே கவனித்தேன். பூச்சு உதிர்ந்திருப்பதைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி. அதுவும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் நடுப்பகலில் மீன் குழம்பு கொடுப்பதற்காக அந்தப் பக்கம் போனவள், கிண்ணத்தோடு அப்படியே திரும்பி வந்தாள். அந்த நேரம் பட்டை பாதியில் நின்று விளக்குகள் அணைந்திருந்தன.

"ஏங்க, இப்போ போச்சா?"

"இப்போதான் போச்சு."

"அக்கா இப்போதான் எடுத்துப் பாத்தாங்க."

"யார்கிட்ட பேசினாங்க?"

"பேசல. சும்மா எடுத்துக் காதுல வச்சுப் பாத்தாங்க. உயிர் இருக்கான்னு."

எங்கள் ஊரில் அப்போது எல்லாரும் செய்ததுதான் அது. போன் வாரக்கணக்கில் செத்துக் கிடந்த காலம். முக்கியமான அழைப்புக்குக் காத்திருக்கிறவர்கள் அவ்வப்போது ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார்கள். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது என்றே அதற்குப் பேர். அதைப் போன் பேசுவதாக யாரும் எண்ணியதில்லை. நான் அண்ணியிடம் கேட்ட கேள்வி 'பேசறீங்களா' என்பது. அவர் சொன்ன பதிலும் சரிதான்.

நான் அந்தப் பக்கம் போனேன். அண்ணி போனுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இப்போ போன எடுத்தீங்களா?"

"எடுத்துப் பாத்தேன் தம்பி. அது செத்துப் போச்சு. கொர்ருன்னு கத்துது. தெனம் இந்நேரத்துக்கு இப்படித்தான். ஒரு நிமிசம் கழிச்சு எடுத்தா நல்லா இருக்கு, மறுபடி எடுத்தா கத்துது. லைன்மேன்கிட்டகூடச் சொன்னேன்."

"லைன்மேன்கிட்டயா?"

"வந்து பாத்தானே, ரெண்டு தடவ."

நான் அவருக்கு விளக்கினேன். அந்தக் கத்தல் என் மோடம். அவர் எடுத்தால் என் வேலை அறும், அவர் வைத்தால் நான் மறுபடி போடுவேன், அவர் மறுபடி எடுப்பார். அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் லைன் கெட்டுப் போச்சுன்னு தவிச்சுட்டு இருந்தது உன் மெஷினாலயா?"

"நீங்க எடுக்காம இருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும் அண்ணி."

"அந்தப் பத்து நிமிசத்துலதான் என் புள்ள கூப்பிடுவான். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ரோட்டு பூத்துல நின்னு கூப்பிடணும். மாமனார் வூட்டுப் போனைத் தொட முடியாதாம். அப்போ பாத்து உன் மெஷின் கத்திக்கிட்டு இருந்தா?"

அங்கே அவன் வேலைக்குக் கிளம்பும் நேரமும் என் ஃபைல் போக வேண்டிய நேரமும் ஒன்றாக இருந்தன. அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

சில நாள் கழித்து லைன்மேனைத் தெருவில் பார்த்துக் கேட்டேன். ஒரே நம்பருக்கு இரண்டு வீட்டிலிருந்தும் புகார் வந்தபோது உமக்குத் தெரியாதா என்று.

"தெரியாம இன்னா சார். ஒருத்தர் லைன் அறுதுன்றீங்க, ஒருத்தர் லைன் கத்துதுன்றாங்க. அண்ணன் தம்பி வெவகாரம், உங்களுக்கே தெரியும், வேணும்னுதான் செய்றீங்கன்னு நெனச்சேன். நான் நடுவுல பூந்து இன்னாத்துக்கு?" என்று சொல்லி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். நான் மோடத்தைப் போடும்போது சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன். முடிந்ததும் ஒரு தட்டு. அதுவரை அண்ணி எடுக்க மாட்டார். சில நாட்கள் ஃபைல் ஒழுங்காகப் போனது. மதாம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஒன்றும் சொல்லாதிருந்தால் திருப்தி என்று அர்த்தம். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி முக்காலியில் உட்கார்ந்து என் ஒற்றைத் தட்டுக்குக் காத்திருப்பது எனக்குத் தெரியும். முக்காலி நகரும் சத்தம் கேட்கும். அண்ணி காத்திருந்தது தன் மகன் குரலுக்காக. அது தெரிந்துதான் நான் முடிந்த மறுகணமே தட்டுவேன்.

பிறகு பையன் பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டான். அவர்கள் ஓடி வந்து அண்ணியை அழைத்தார்கள். அண்ணி போய் எடுத்து இரண்டு வார்த்தை கேட்பதற்குள் போன் கார்டு தீர்ந்து லைன் நின்றுவிட்டது. அந்த இரண்டு வார்த்தையில் அவன் சொன்னது, "எப்பப் போட்டாலும் எங்கேஜ்மா" என்பது.

அன்று இரவு அண்ணன் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"என் புள்ள அங்க குளுருல ரோட்டுல நிக்கிறான்டா."

"தெரியும் அண்ணே. பத்து நிமிஷம்தான்."

"தெனம் பத்து நிமிசம். அவன் கூப்பிடறதும் அதே பத்து நிமிசம். அவன் தமிழ்ல ரெண்டு வார்த்த பேசணும்னா இந்தப் போனத் தவிர வேற இன்னா இருக்கு?"

"எனக்கு வேற என்ன வேலை இருக்கு, நீங்க சொல்லுங்க. நானும் தறியிலதான் நிக்கணுமா? தறியும்தான் இல்லையே."

"நீ எப்பவும் உக்காந்து சம்பாதிக்கிறவன். நின்னு பாத்திருந்தா தெரியும்." பிறகு சொன்னார். "அது எங்கப்பன் வாங்குன லைனு."

"எனக்கும் அப்பாதானே அண்ணே."

"உனக்கு அப்பா. எனக்குத்தான் அப்பன். அவரு கூடத் தறியில நின்னவன் நானு."

என் மனைவி உள்ளேயிருந்து, "மாமா, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்க" என்றாள். அண்ணன் போய்விட்டார்.

பழைய தாமதக் குறிகளை வைத்து மதாமிடமிருந்து ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொரு நாள் தவறினால் வேலையை வேறு கைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். அண்ணனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கெஞ்சுவது போல இருக்கும் என்று தோன்றியது. சொன்னாலும் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

மறுநாள் சீட்டுகள் அதிகம். விடியற்காலையிலேயே தொடங்கி, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, நடுப்பகலுக்கு நல்ல நேரம் இருக்கும்போதே முடித்துவிட்டேன். சுவரில் இரண்டு தட்டு தட்டினேன். மோடத்தைப் போட்டேன். டயல் டோன் இல்லை என்று சொன்னது. காத்திருந்து மறுபடி போட்டேன். இல்லை. போன் கருவியைச் சொருகி ரிசீவரைக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை, கிணற்றுக்குள் காதை வைத்தது போல. ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தேன். சுவர் ஓட்டை வழியாக அது தானாகவே வந்தது. முனையில் இரண்டு செம்பு நுனிகள், திருகாணியிலிருந்து ஒழுங்காகக் கழற்றப்பட்டவை. அறுக்கவில்லை. அண்ணன் எதையும் அறுக்கிறவர் இல்லை. வேலைக்குப் போகும் முன் நிதானமாகத் திருப்புளி வைத்துக் கழற்றியிருக்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி நகரவில்லை. ஃபைலைப் பிளாப்பியில் ஏற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். பிளாப்பி வாங்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் மிதித்தேன்.

மதாம் பிளாப்பியைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மேசையில் வைத்தார். "லைன் பிரச்சனையா மிசே?" என்றார், பிரெஞ்சில் 'ஐயா' என்கிற அதே மரியாதையோடு. ஆமாம் என்றேன். அண்ணன் ஒயரைக் கழற்றிவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியாளிடம் சொல்ல அது ஒரு காரணமா? என் சிடிகளை ஏற்கெனவே சாரத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது, ஆனால் லைன் நல்ல லைன்.

பிறகு தோளைக் குலுக்கி, "தாம் பி" என்றார்.

பிரெஞ்சில் அதற்கு 'போகட்டும், என்ன செய்வது' என்று அர்த்தம். ஒரு கணம் அது என் காதில் 'தம்பி' என்றே விழுந்தது. அந்த அம்மாள் என்னைத் தம்பி என்று அழைத்து ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் அதற்குள் அடுத்த சிடியை எடுத்து உறை போட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதப் போனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தெருப் பெட்டியில் ஜோடி காலியாகி எனக்குத் தனி இணைப்பு வந்தது. அப்போது அனுப்புவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. சுவர் ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்தேன். அண்ணனும் நானும் கல்யாணம், சாவு என்றால் பேசிக்கொள்வோம். மற்ற நாட்களில் ஒருவர் வாசலில் இருந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவோம். யார் பேரில் தப்பு என்று கேட்டால் நான் அண்ணன் பேரில்தான் என்று சொல்வேன். கேட்க யாரும் இல்லை.

போன தை மாதம் அண்ணன் மகன் பிரான்ஸிலிருந்து வந்தான். முன்தலை வழுக்கை, தொந்தி, கண்ணாடி. நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பனும் சித்தப்பனும் பேசாதது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பது போல.

"சித்தப்பா, எங்க பக்கம் சிக்னலே இல்ல. உங்க வைஃபை சொவரத் தாண்டி வருது. பாஸ்வேர்டு குடுங்களேன்."

தருகிறேன் என்றேன். என் மனைவி காபி போடப் போனாள். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "அந்தக் காலத்துல உனக்குத்தான் லைனே கெடைக்கல. எப்பவும் எங்கேஜு" என்றேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் அதை நான் பேசியதில்லை.

அவன் சிரித்தான். "நான் எங்க கூப்பிட்டேன் சித்தப்பா? ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு தடவ போட்டிருப்பேன்."

"எங்கேஜா இருக்குன்னு சொன்னியே."

"வேற இன்னா சொல்றது? அம்மா தெரு பூரா ஓட்டல்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்காங்க. நான் அங்க தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன். கூப்பிட்டா எப்படி இருக்கேன்னு கேப்பாங்க, அழுவாங்க. எங்கேஜா இருந்துச்சுன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுது."

"பக்கத்து வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டியே."

"அதான் சுளுவு. அம்மா அங்க வந்து எடுக்கறதுக்குள்ள கார்டு முடிஞ்சிடும்." காலாட்டிக்கொண்டே சொன்னான். அவனுக்கு அது பழைய வேடிக்கை. அந்த முக்காலியையோ என் வேலையையோ அவன் கேள்விப்பட்டதில்லை, அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வாசலில் நிழல் தட்டியது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தார். முட்டி வலி, நடப்பதே சிரமம். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சாப்பிட வாடா, ஆறிப் போவுது" என்றார் மகனிடம். பிறகு என்னைப் பார்த்தார். "பாத்தியா தம்பி. அப்போ ஒரு போனுக்கு என் புள்ள எம்மாம் அவதிப்பட்டான். இப்போ சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரியறான்."

அவன் கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஆமாம் அண்ணி" என்றேன்.

அவர் திரும்பி மெதுவாக நடந்தார். அவனும் எழுந்து பின்னால் போனான். காபி டம்ளரோடு வந்த என் மனைவி காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டு குடுத்தீங்களா?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை என்றேன். அவனும் அதன் பிறகு கேட்டு வரவில்லை.